காலைப் பிடித்த வழக்கு

1

இந்தக் கதை ஒரு காலில் பிறந்தது. வலது கால். பாங்கா* ஊர்ச் சந்தைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் லோர்ப்புவின் கால். டோக்பா என்கிற ஒருவன் எல்லார் முன்னாலும் அந்தக் காலைப் பிடித்தான். அவள் இன்னும் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை. கதை இவ்வளவுதான். சொல்வாளா, மாட்டாளா என்று பார்க்க நீங்கள் கடைசிவரை வர வேண்டும். எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடத்தில் எனக்கும் தெரியாது, அதனால் நானும் கூடவே வருகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரி. லைபீரியாவில் போர் ஓய்ந்த கையோடு ஒரு சின்ன வேலைக்கு வந்தேன். மூன்று வேளையும் சோறு கேட்கிற ஊர், சோறு சாப்பிடாவிட்டால் "இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடலை" என்று சொல்கிற ஜனம். இதை விட்டு எங்கே போவது? தங்கிவிட்டேன்.

வேலை, ஆராய்ச்சி. சண்டை முடிந்த ஏழை நாடுகளில் ஆட்சி எப்படி நடக்கிறது, அமைதி எப்படி ஒட்டுகிறது, ஜனங்கள் வாழ்க்கை எப்படி மேலே வருகிறது என்று ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் ஆராய்கிறது. அதன் பாங்கா கிளையில் நான், நியாமா என்கிற துடுக்கான இளம்பெண், இருமுகிற ஒரு ஜெனரேட்டர். ஜனங்கள் பேசுவதை நாங்கள் தாளாக்கி அனுப்புவோம். அங்கே தாளை எண்ணாக்குவார்கள், எண்ணைக் கோடாக்குவார்கள். அந்தக் கோடு திரும்பி வந்து நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று எங்களுக்கே சொல்லும்.

இனி தொடக்கம்.

"போருக்குப் பிந்தைய சமூகங்களில் மன்னிப்பு என்பது பன்முகத்தன்மை கொண்ட ஒரு"

வேண்டாம். இது அறிக்கை. பழக்கதோஷம்.

"இடியும் மின்னலுமாகப் பெய்த அந்த மாலை மழையில், நீர் ததும்பும் விழிகளோடு லோர்ப்பு"

இதை நிறுத்தியது நான் இல்லை. லோர்ப்பு.

* இங்கிலீஷில் எழுதும்போது முன்னால் இன்னோர் எழுத்து நிற்கும். ஊரில் யாரும் அதை வாயில் போடுவதில்லை. நாங்கள் கோவில்பட்டியைக் கோயில்பட்டி என்பதில்லையா, அந்த மாதிரி.

2

எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டியது என் தப்புதான். தமிழில் எழுதியதை அங்கேயே லைபீரிய இங்கிலீஷாக்கிச் சொன்னேன். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பாமாயில் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து, நிறுத்து. நான் எங்க அழுதேன்?"

"கதைக்காக, ஓல்மா." ஓல்மா என்பது இங்கே மூத்த பெண்களுக்கு எல்லாரும் சொல்கிற மரியாதைச் சொல்.

"கதைக்கு அழுகை வேணும்னா நீ அழுதுக்கோ. எண்ணெய்ப் புகை அது. அதைப் போய் விழி ததும்புச்சுன்னு எழுதினா உங்க ஊர்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நல்லதாத்தான் நினைப்பாங்க."

"அழுதாத்தான் நல்லதா நினைப்பாங்களா? என்ன ஊர் தங்கச்சி உங்க ஊரு!"

(அவள் என்னைக் கூப்பிடுகிற சொல்லுக்குத் தமிழில் தங்கச்சிதான் சரி. அவளைவிட எனக்கு ஒரு நரைகூட அதிகம் என்பதை அவள் ஒத்துக்கொள்வதில்லை.)

இன்னும் சில திருத்தங்கள் சொன்னாள். பேரை மாற்றக் கூடாது. இடுப்பைப் பற்றி எழுதக் கூடாது. பெப்பர் சூப் பற்றி எழுதியே ஆக வேண்டும். அவள் கடையில் பெப்பர் சூப்போடு டம்பாய் கிடைக்கும். மரவள்ளிக்கிழங்கை அவித்து உரலில் இடித்து உருட்டிய வெள்ளைக் கட்டி அது. மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் ஒருமுறை தெரியாத்தனமாக மென்றிருக்கிறேன். அதை அவள் இன்னும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

3

கஷ்டம் டோக்பாவை எழுதுவதில்தான்.

முதல் வரைவில் அவனுக்குச் சிவந்த கண் கொடுத்தேன், கழுத்தில் தோட்டா மாலை போட்டேன். நியாமா படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"யாரு ஆன்ட்டி இது? நம்ம டோக்பாவா? அவன் ரோட்டுல கோழி போனாப் பைக்கை நிறுத்திட்டு அது தாண்டற வரைக்கும் நிக்கறவன்!"

உண்மைதான். டோக்பா இன்று பென்பென் ஓட்டுகிறான், அதாவது வாடகை மோட்டார் பைக். ஊரிலேயே மெதுவான பென்பென். அவசரமில்லாதவர்கள்தான் ஏறுவார்கள்.

சரி என்று அடுத்த வரைவில் அவனை ஒன்றும் அறியாத பிள்ளையாக்கினேன். அதை லோர்ப்பு கேட்டாள்.

"அப்போ தப்பே நடக்கலையா? அப்போ எதுக்கு என் காலைப் பிடிச்சான், சுளுக்கு எடுக்கவா?"

3 (மறுபடியும்)

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது உள்நாட்டுப் போரின் கடைசி மழைக்காலம். லோர்ப்புவும் அவள் புருஷன் கெர்குலாவும் தலையில் மூட்டையோடு ஊரைவிட்டுப் போகிறார்கள். வழியில் ஒரு கேட். ஆயுதக்காரர்கள் ரோட்டுக்குக் குறுக்கே கட்டுகிற கயிற்றுக்கு அந்தக் காலத்தில் இங்கே அதுதான் பேர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நின்றவர்களில் ஒருவன் டோக்பா. பக்கத்து வீட்டு யாசாவின் மகன். மீசை முளைக்காத வயசு. லோர்ப்புவின் சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவனைக் கண்டதும் அவளுக்குப் போன உயிர் வந்தது. நம்ம பிள்ளை நிக்கிறான், இனிப் பயமில்லை என்று புருஷனிடம் மெதுவாகச் சொன்னாளாம்.

கூட்டத்தின் தலைவன் திரும்பிக் கேட்டான்.

"இவங்களை யாருக்காவது தெரியுமா?"

அந்தக் கேட்டில் ஒருவன் "தெரியும்" என்று சொல்லிவிட்டால் போதும், கயிற்றை இறக்கிவிடுவார்கள்.

டோக்பா லோர்ப்புவைப் பார்த்தான். "தெரியாது" என்றான்.

கெர்குலாவை மூட்டை சுமக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னான் என்று நான் டோக்பாவைக் கேட்டிருக்கிறேன். கதாசிரியைக்குக் காரணம் வேண்டுமே. அவன் பைக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "பயம், ஆன்ட்டி. தெரியும்னு சொன்னா நீயும் அவங்க ஆளான்னு கேப்பாங்களோன்னு பயம். பெரிசா வேற ஏதாவது இருந்தா உங்ககிட்டச் சொல்றதுக்கு நல்லாருக்கும். ஒண்ணும் இல்லை."

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. கூடவே அவனுக்கு ஒரு தட்டுச் சோறு போட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் எப்படி ஒரே வாக்கியத்தில் எழுதுவது என்று தெரியாததால் இரண்டு வாக்கியமாக எழுதியிருக்கிறேன்.

4

வருஷங்கள் போயின. டோக்பா எங்கெங்கோ சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பினான். லோர்ப்பு அவனைத் திட்டவில்லை, சாபம் விடவில்லை. கடைக்கு வந்தால் சாப்பாடு போட்டாள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இந்த ஊரில் கை குலுக்கினால் கடைசியில் இருவர் விரலும் சேர்ந்து ஒரு சொடுக்குப் போடும். அவள் அவனுக்குக் கை கொடுத்தாள். சொடுக்குப் போடவில்லை.

ஒரு நாள் அவன் பலாவா கூடத்தில் வழக்கைச் சொன்னான். பலாவா என்றால் இங்கே வழக்கு, வாக்குவாதம், பேசித் தீர்ப்பது எல்லாம். கூடத்துக்குக் கூரை உண்டு, சுவர் கிடையாது. தன்மேல் தானே பிராது கொடுத்தவனை ஊர் அப்போதுதான் பார்த்தது. கேட்டில் நடந்ததைச் சொல்லி முடித்து, தரையில் விழுந்து, லோர்ப்புவின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஓல்மா, உங்க காலைப் பிடிக்கிறேன்."

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் காலைப் பிடித்துத்தானே கேட்கிறோம்? ஒரே ஒரு வித்தியாசம். இங்கே காலைப் பிடிக்கப்பட்டவர் "எழுந்திரு" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் வழக்கு தீர்ந்தது, அப்புறம் யாரும் அதைத் திரும்பப் பேசக் கூடாது. சொல்கிறவரை கையை எடுக்கக் கூடாது.

லோர்ப்பு சொல்லவில்லை. மழை வந்தது, விட்டது. ஓர் ஆடு உள்ளே வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போயிற்று. பெரியவர்கள் செருமினார்கள். டோக்பாவின் முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் லோர்ப்பு காலைச் செருப்பிலிருந்து மெல்ல உருவினாள்.

"அடுப்புல சோறு இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு கால் செருப்போடும் ஒரு கால் சேற்றோடும் நடந்து போய்விட்டாள்.

டோக்பாவின் கையில் செருப்பு மட்டும் இருந்தது. நீல ரப்பர் செருப்பு, வலது.

திருப்பிக் கொடுக்க அவனுக்குத் தைரியமில்லை. கேட்டு வாங்க அவளுக்கு மனசில்லை. வாங்கிக்கொண்டால் தீர்ந்துபோனது என்று அர்த்தமாகிவிடுமே! அவள் ஒரு புது ஜோடி சிவப்புச் செருப்பு வாங்கி, வலதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இடது நீலம், வலது சிவப்பு. சந்தையில் அவளுக்கு ரெண்டு கலர் ஓல்மா என்றே பேராகிவிட்டது.

5

(இந்தப் பகுதி லோர்ப்புவின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது. இதில் கெர்குலா உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுவான். நான் நன்றாக எழுதியிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். வாசித்து முடித்ததும் அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அவர் பாட்டு என்கிட்டயே இருக்கட்டும் தங்கச்சி" என்றாள். எண்ணெய் எதுவும் அன்று காயவில்லை.)

6

இப்போது ஆராய்ச்சி கதைக்குள் வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சிரிக்க இடமிருக்கிறது.

பலாவா கூடத்தில் பேசிய வழக்குகள் உண்மையிலேயே தீர்கின்றனவா என்பது அந்த வருஷத்து ஆய்வு. நியாமா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். லோர்ப்பு சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தாள்: "கூட்டத்துல எல்லார் முன்னாடியும் அவன் என் காலைப் பிடிச்சான். நான் உருவிக்கிட்டு வந்துட்டேன். என் செருப்பு அவன்கிட்ட இருக்கு."

நான் சரிபார்த்தேன். எதுவும் உறுத்தவில்லை. லைபீரியாக்காரிக்கும் கோவில்பட்டிக்காரிக்கும் அதில் என்ன உறுத்தும்? அனுப்பிவிட்டோம்.

ஐரோப்பாவில் பாங்காவைக் கண்ணால் பார்க்காத யாரோ ஒரு நல்ல பிள்ளை அதைப் படித்து, விதிப்புத்தகத்தின்படி கட்டம் நிரப்பியது. பொது இடத்தில் உடல்ரீதியான தாக்குதல், ஒன்று. பாதிக்கப்பட்டவர் தப்பினார். உடைமைப் பறிப்பு, ஒன்று.

திரும்பி வந்த கோட்டில் எங்கள் ஊருக்கு நேராக ஒரு கொம்பு முளைத்திருந்தது. "உங்கள் பகுதியில் வன்முறை கூடியிருக்கிறது. நீங்கள் நலமா?" என்று அன்பாக ஒரு குறிப்பு வேறு.

நியாமா நாற்காலியிலிருந்து விழாத குறை. "தப்பினாராம் ஆன்ட்டி, தப்பினாராம்! ஓல்மா லோர்ப்பு ஓடறதைப் பார்க்கணும்னா நான் டிக்கெட் வாங்கிப் பார்ப்பேன்!"

சிரித்து முடித்து விளக்கம் எழுதினோம். ஆனால் பதிவானதை விளக்கத்தால் அழிக்க முடியாது, ஒருவர் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. விதி இதுதான்: பாதிக்கப்பட்டவருக்குத் தாக்கியவரைத் தெரியும் என்றால் நிறுவனமே பேசிப் பார்க்கும். தெரியாது என்றால் சம்பவத்தைக் காவல்துறைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

டோக்பாவிடம் இதைச் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. "ஓல்மா என்ன சொல்றாங்களோ அதான்" என்றான்.

7

கோபன்ஹேகனிலிருந்து சிக்னே வந்தாள்.

சிக்னேயை நான் முதலில் கேலியாக எழுதியிருந்தேன். பெரிய தொப்பி, பெரிய தண்ணீர்ப் புட்டி, அந்த மாதிரி. அடித்துவிட்டேன், பாவம். வந்திறங்கியதும் வராததுமாக எல்லாருக்கும் கை கொடுத்துச் சொடுக்குப் போடப் பழகினாள், விரல் சிவக்கச் சிவக்க. லோர்ப்புவின் கடையில் டம்பாயை வாயில் போட்டு மென்றாள்.

"மெல்லாதே! முழுங்கு! முழுங்கு!" என்று கடையே எழுந்து நின்று கத்தியது.

"இதோ, உனக்கு ஒரு ஜோடி கிடைச்சாச்சு" என்று லோர்ப்பு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மறுநாள் பலாவா கூடம். ஊரே வந்திருந்தது. டோக்பா ஓரத்தில் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தான். பைக்குள் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். சிக்னேவுக்கு எங்கள் ஊர் இங்கிலீஷ் பிடிபடாது, லோர்ப்புவுக்கு அவளுடையது பிடிபடாது. நடுவில் நான்.

கேள்விகளை அச்சிட்டபடியே வாசிக்க வேண்டும் என்பது சிக்னேயின் தொழில் ஒழுக்கம். முதல் கேள்வியை வாசித்தாள். நான் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையிலிருந்த தாளை ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

ஆடு எதுவும் வரவில்லை. யாரும் செருமவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே எல்லாருக்கும் அந்தக் கேள்வி முன்பு எங்கே கேட்கப்பட்டது என்று தெரியும். சிக்னேவுக்கு மட்டும் தெரியாது. அவள் பேனாவைத் திறந்து காத்திருந்தாள்.

"ஓல்மா," என்றேன். "இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

(இங்கே லோர்ப்புவின் மனசுக்குள் போய் ஒரு பக்கம் எழுதினேன். கெர்குலா வந்தான், கயிறு வந்தது, மழை வந்தது. கிழித்துவிட்டேன். அன்று நான் அவள் மனசுக்குள் இல்லை, எதிரே நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெரியாது" என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதே சொல், அதே கேள்விக்கு. சொன்னால் நானே அவள் பக்கம்தான் நின்றிருப்பேன்.)

டோக்பா தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்" என்றாள் லோர்ப்பு.

சிக்னே எழுதிக்கொண்டாள். லோர்ப்பு நிறுத்தவில்லை.

"யாசாவோட மகன். சின்னதுல என் சட்டியில மீன் தலையை மட்டும் பொறுக்கித் தின்னுட்டுப் போவான், கேட்டா பூனைம்பான். இடது காது மந்தம், அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். சேத்துல பைக் ஓட்டத் தெரியாது, பிரேக்கை அமுக்கி விழுவான், போன மாசம்கூட விழுந்தான். இவனை எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? என் செருப்பே இவன்கிட்டதான் இருக்கு!"

டோக்பா அந்தப் பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். பெரிய ஆள் அப்படி அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சிக்னே பதறிப்போய் என்னைப் பார்த்தாள். இரண்டாவது கேள்வியை வாசிக்கட்டுமா என்று கேட்டாள். சமாதானம் ஆகிவிட்டதா என்பது அந்தக் கேள்வி.

லோர்ப்பு எழுந்து லாப்பா துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "அது இன்னைக்கு இல்லை மகளே. சோறு ஆறுது, வா" என்று சிக்னேயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கால் நீலம், ஒரு கால் சிவப்பு.

சிக்னே ஊருக்குப் போய்க் கொம்பை வெட்டிக் கோட்டை நேராக்கினாள். எங்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள்: "செருப்பை எந்தக் கட்டத்தில் போடுவது என்று மூன்று பேர் உட்கார்ந்து யோசித்தோம். கட்டம் இல்லை. புதிதாக ஒன்று கேட்டிருக்கிறேன்."

8

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். நியாமாவும் அதைத்தான் சொன்னாள். "செருப்பே இவன்கிட்டதான் இருக்கு, அவ்வளவுதான் ஆன்ட்டி, விளக்கை அணைங்க."

ஆனால் டோக்பா என் வீட்டுக்கு வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு வாசலில் நின்றான்.

"ஆன்ட்டி, என்னைப் பத்தி எழுதறீங்களாமே."

"எழுதறேன். பிடிக்கலைன்னா நிறுத்திடறேன்."

"இல்லை, எழுதுங்க. உங்க பாஷையில எழுதறீங்க, இல்ல? இங்க யாரும் அதைப் படிக்க மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்க."

"அப்போ அதுல எழுதிடுங்களேன். ஓல்மா என்னை எந்திரின்னு சொல்லிட்டாங்கன்னு." பைக் சாவியை உள்ளங்கையில் உருட்டினான். "அவங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லை. அங்கேயாவது நான் எந்திரிச்சுக்கறேன்."

சொல்லிக்கொண்டே குனிந்தான். எங்கே என் காலையும் பிடித்துவிடுவானோ என்று நான் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டேன். அப்படியே குத்துக்காலிட்டபடி, "யோசிக்கிறேன்பா" என்றேன்.

யோசித்தேன். முடிவு ஒன்று: லோர்ப்பு சொல்லிவிடுகிறாள், மழை வருகிறது, ஊரே டம்பாய் சாப்பிடுகிறது. டோக்பா கேட்ட முடிவு. முடிவு இரண்டு: அவள் கை கொடுக்கிறாள், கடைசியில் விரல்கள் சொடுக்குகின்றன. அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை. முடிவு மூன்று: அவள் சொல்லாமலே செத்துப்போகிறாள், அவன் செருப்போடு சாவு வீட்டு வரிசையில் நிற்கி

இல்லை. இதை நான் எழுத மாட்டேன். எனக்கு அவள் வேண்டும்.

கடைசியில் அவளிடமே போய்ச் சொன்னேன். அவள் உலக்கையை நிறுத்தினாள்.

"என்னைக் கேக்காம என் வாயில வார்த்தை வைப்பியா நீ?"

"வைக்கலை ஓல்மா. அதான் கேக்க வந்தேன்."

"வைக்காதே." கொஞ்சம் இடித்தாள். பிறகு, "அவனா வந்து கேட்டான்?"

"ஆமா."

"உங்க பாஷையில எழுதச் சொல்லி?"

"ஆமா."

இன்னும் கொஞ்சம் இடித்தாள். "உங்க பாஷையில அதை எப்படிச் சொல்வீங்க?"

"எதை?"

"அதைத்தான். அந்தச் சொல்லை."

"எந்திரி."

"யென்... தீரி."

"தீரி இல்லை. திரி. எந்திரி."

"எந்திரி." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சொல்லு இது, வாயில டம்பாய் மாதிரி வழுக்குது." உலக்கை விழ விழ ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எந்திரி, தொப். எந்திரி, தொப். நான் தமிழில் அந்தச் சொல்லை அவ்வளவு அழகாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

9

இது போன ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து நான் லோர்ப்புவின் கடையில் பெப்பர் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். (எழுதியே ஆக வேண்டும் என்றாளே, எழுதிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரும், புகையால் இல்லை.) லோர்ப்பு மணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது காலில் செருப்பே இல்லை. சிவப்புச் செருப்பு ஒரு ஓரத்தில் தனியாகக் கிடந்தது.

டோக்பா வந்தான். பையிலிருந்து நீலச் செருப்பை எடுத்தான். சேறு போகக் கழுவி, அறுந்த வாருக்குப் புது வார் போட்டிருந்தான். மண்டியிட்டு, செருப்பை அவள் காலுக்குக் கீழே வைத்து, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செதில் தெறித்து அவன் முடியில் ஒட்டியது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு, மீனிடம் சொல்வதுபோல, தெளிவாக, ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னாள்.

"எந்திரி."

டோக்பா அசையவில்லை. எப்படி அசைவான்? அவனுக்குப் புரியவில்லை. நல்ல காதைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் அடுத்த மீனை எடுத்துவிட்டாள். அவன் என்னைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, ஓல்மா என்ன சொன்னாங்க? உங்க பாஷைதானே அது?"

பேச்சைத் திருப்பிச் சொல்வதுதான் என் பிழைப்பு. லோர்ப்பு கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லு என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. கெர்குலாவின் பாட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டவள் அவள். டோக்பா கேட்டதும் தமிழில்தானே, அவள் கொடுத்ததும் தமிழில்தான். அதை நான் அவன் பாஷைக்கு எடுத்துப்போனால் அவள் வாயில் வார்த்தை வைத்ததாகிவிடுமா? எடுத்துப்போகாவிட்டால் அவன் எத்தனை நாள் அங்கேயே கிடப்பான்?

அந்தக் கடையில் அந்தச் சொல் தெரிந்தவர்கள் அவளும் நானும் மட்டும். இப்போது நீங்களும்.

"சொல்லுங்க ஆன்ட்டி," என்றான். கை இன்னும் அவள் காலில்தான் இருக்கிறது. "உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரி

(எப்படி முடித்தாலும் இன்னும் இரண்டு எழுத்துதான் பாக்கி. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.)